சேல்ஸ்ஃபோர்ஸா, சிவிசிஆர்எம்மா: தொண்டு நிறுவனங்களுக்கான ஒப்பீடு

நன்கொடையாளர் விவரங்களைப் பராமரிக்க மென்பொருள் தேடும் தொண்டு நிறுவனங்கள் முதலில் விலையைப் பார்ப்பது இயல்பே. இணையவழியே பயன்படுத்தும் வணிக மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸ், தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 10 பயனர் உரிமங்களை இலவசமாக வழங்குகிறது. அதற்கு மேல், சலுகை விலையிலேனும், கட்டணம் உண்டு. எவரும் பெற்று மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருளான சிவிசிஆர்எம்முக்கு உரிமக் கட்டணமே கிடையாது. வேர்ட்பிரஸ், துருபல் போன்ற இணையதள மென்பொருள்களில் அமைந்த தளங்களோடு அது இணைந்து இயங்கும்.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் சர்வரைப் பராமரிக்கும் சுமை நிறுவனத்துக்கு இல்லையென்றாலும், அதைத் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆலோசகரின் உதவி பெரும்பாலும் வேண்டியிருக்கிறது. சிவிசிஆர்எம்மைத் தாமே நிறுவிக்கொள்பவர்களோ சர்வர் வாடகை, பாதுகாப்புப் புதுப்பிப்பு, காப்புப் பிரதி ஆகிய அனைத்தையும் தாமே ஏற்கவோ, அதற்கென ஒருவரை அமர்த்தவோ வேண்டும்.

இரண்டிலிருந்தும் தரவை ஏற்றுமதி செய்யலாம். எனினும், சிவிசிஆர்எம்மில் முழுத் தரவுத்தளமும் நிறுவனத்தின் கையிலேயே இருப்பதால், சேவை வழங்குபவர் சரியில்லையென்றால் மென்பொருளை மாற்றாமலேயே இன்னொருவரிடம் போகலாம். மக்கள் நம்பி ஒப்படைத்த விவரங்கள் என்பதால், இந்தச் சுதந்திரத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால், சர்வரைக் கவனிக்க ஆளே இல்லாத அமைப்புக்குச் சேல்ஸ்ஃபோர்ஸைத்தான் பரிந்துரைப்பேன், ஏனெனில் புதுப்பிக்காமல் விடப்பட்ட மென்பொருளில் இருக்கும் நன்கொடையாளர் விவரங்கள் எவர் கைக்கும் போய்விடக்கூடும்.