நியூசிலாந்தில் மோட்டார்ஹோம்: ராத்திரி எங்கே நிறுத்துவது?

நியூசிலாந்தின் தென் தீவை மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ள வண்டியில், சுற்றப் போகிறவர்கள் வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கே பாதித் தெம்பைச் செலவழித்துவிடுகிறார்கள். இரண்டு பேர் படுக்கிற வண்டியா, நான்கு பேர் படுக்கிற வண்டியா, காப்பீட்டை முழுசாக எடுப்பதா என்று. ஆனால் சாவி கைக்கு வந்த பிறகு தினமும் சாயங்காலம் எழுகிற கேள்வி வேறு: இன்றைக்கு எங்கே நிறுத்தித் தூங்குவது?

பெரும்பாலானவர்களுக்கு வழி மூன்று. ஊராட்சி நிலங்களில் காசில்லாமல் நிறுத்தும் ஃப்ரீடம் கேம்பிங். டிபார்ட்மென்ட் ஆஃப் கன்சர்வேஷன் என்ற அரசுத் துறை நடத்தும் முகாம்கள். அங்கே எல்லோரும் சுருக்கமாக டாக் முகாம் என்கிறார்கள். மூன்றாவது, மின் இணைப்பு, வெந்நீர், சமையலறை எல்லாம் உள்ள தனியார் ஹாலிடே பார்க். நானும் மனைவியும் இலையுதிர் காலத்தில் போனோம், மூன்றிலும் தங்கினோம். என் ஓட்டு டாக் முகாமுக்கு. நடுநடுவே ஒரு ஹாலிடே பார்க் வேண்டும், அது இல்லாமல் சரிப்படாது. ஃப்ரீடம் கேம்பிங்கை நான் கடைசியில்தான் வைப்பேன்.

விலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஃப்ரீடம் கேம்பிங்குக்குக் காசு இல்லை. டாக் முகாம்களில் மிக எளிமையான பேசிக் வகை பொதுவாக இலவசம். அதற்கு மேற்பட்டவற்றில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், நாங்கள் போனபோது அது பெரிய தொகையாகத் தெரியவில்லை. ஹாலிடே பார்க்கில் மின் இணைப்புள்ள இடத்துக்கு, அதாவது பவர் சைட்டுக்கு, இருவருக்குமாகச் சேர்த்து 50 முதல் 70 நியூசிலாந்து டாலர் வரை கொடுத்தோம். காட்சியைப் பற்றியும் அதிகம் பேச வேண்டியதில்லை. ஹாலிடே பார்க் பெரும்பாலும் ஊருக்குள்ளோ ஊரை ஒட்டியோ இருக்கும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வண்டி தெரியும். மற்ற இரண்டிலும் ஏரியும் மலையும் தெரியும். இதை விளம்பரப் படங்களே சொல்லிவிடுகின்றன.

அந்தப் படங்களில் வராத ஒன்றுதான் என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: வண்டிக்குள் எது எவ்வளவு கொள்ளும் என்பது. நல்ல தண்ணீர்த் தொட்டி, குளித்துக் கழுவிய நீர் சேரும் தொட்டி, டாய்லெட்டின் அடியில் இழுத்து எடுக்கிற கேசட் என்ற கழிவுப் பெட்டி, வண்டி ஓடாத நேரத்தில் விளக்கையும் ஃபிரிட்ஜையும் தாங்கும் பேட்டரி. இந்த நான்கில் எது முதலில் கைவிரிக்கிறதோ அதுதான் அடுத்த இரவை எங்கே கழிப்பது என்று சொல்லும். எங்கள் வண்டியில் ஒவ்வொரு முறையும் கைவிரித்தது கேசட்தான்.

இப்படிப்பட்ட கேசட் சுமார் 18 முதல் 20 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேர் முழுக்க அதையே நம்பினால் மூன்றாம் நாள் காலையில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும், சில சமயம் அதற்கு முன்னாலேயே. எரிந்த பிறகு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற மனநிலை தனி. கைக்குழந்தையோடு பயணம் போகிறவர்கள் மிச்சமுள்ள டயப்பரை எண்ணிக்கொண்டே இருப்பதுபோல, நாங்களும் அடுத்த டம்ப் ஸ்டேஷன் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். கழிவைக் கொட்டுவதற்கான இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். ட்வைசல், வானகா, டெ அனாவ் மாதிரி ஊர்களில் பொது டம்ப் ஸ்டேஷன் உண்டு. ஆனால் ஊர்களுக்கு நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒன்றுமே இல்லாத நீட்சிகளும் உண்டு.

இந்தக் கண்ணோட்டத்தில் ஃப்ரீடம் கேம்பிங்கைப் பார்த்தால் அதன் இலவசம் கொஞ்சம் நிறம் மாறும். 2011இல் வந்த ஃப்ரீடம் கேம்பிங் சட்டத்தை 2023இல் இறுக்கினார்கள். ஊராட்சி நிலத்தில் வண்டியில் தங்க வேண்டுமானால், அந்த ஊராட்சியே விலக்குக் கொடுத்த இடம் தவிர, வண்டி செல்ஃப்-கன்டெய்ன்டு, அதாவது தன் தண்ணீரையும் கழிவையும் தானே தாங்கும், என்று சான்று பெற்றிருக்க வேண்டும். டாய்லெட் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். படுக்கைக்கு அடியிலிருந்து எடுத்து வைக்கிற சின்ன டாய்லெட் இனி செல்லாது. படுக்கையை விரித்த பிறகும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். பழைய நீலச் சான்றுக்குப் பதில் இப்போது பச்சைச் சான்று. அதில் எத்தனை பேருக்கு என்றும் போட்டிருக்கும். நான்கு பேர் படுக்கிற வண்டி என்பதாலேயே நான்கு பேருக்குச் சான்று இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வண்டி எடுக்கும்போதே முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படித்துவிடுங்கள். விதியை மீறினால் 400 டாலரோ அதற்கு மேலோகூட அபராதம் வரலாம். வாடகை வண்டியானால் நிறுவனம் அதன் மேல் தன் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

சான்று இருந்தால் மட்டும் போதாது. நாட்டில் நகர, மாவட்ட ஊராட்சிகள் 67. ஒவ்வொன்றும் எங்கே தங்கலாம், எத்தனை இரவு, எத்தனை வண்டி என்று சட்டத்துக்கு உட்பட்டுத் தனித்தனியாக விதி போடலாம். ஒரு ஏரிக்கரையில் கோடு போட்ட கட்டத்துக்குள் மட்டும் நிறுத்தலாம். கொஞ்சம் தள்ளி இருக்கும் அடுத்த கரையில் அறவே கூடாது. கேம்பர்மேட் மாதிரி செயலிகள் உதவும், ஆனால் கடைசி வார்த்தை அங்கே நட்டிருக்கும் பலகையுடையது. புகாகி ஏரிக்கரையில் எங்களுக்கு ஃப்ரீடம் கேம்பிங் அருமையாக அமைந்தது. நீலநிற ஏரி, எதிரே மவுன்ட் குக் என்றும் சொல்கிற ஆவோராகி சிகரம், காசும் இல்லை. ஆனால் அதற்காக மத்தியானமே போய் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இடம் கிடைக்குமா என்ற பதற்றத்தில் வழியில் பார்க்க வேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவது எந்த ரசீதிலும் வராத செலவு. கூடவே, அங்கே கழிகிற ஒவ்வொரு இரவும் முழுக்க முழுக்க உங்கள் கேசட் கணக்கில்தான் போகும்.

டாக் முகாம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமும் இதே கேசட்தான். அங்கே டாய்லெட் இருக்கும். பெரும்பாலும் குழி டாய்லெட், ஃப்ளஷ் கிடையாது. ஆனால் நாங்கள் போன இடங்களில் சுத்தமாக இருந்தது. பகலில் அதைப் பயன்படுத்திக்கொண்டு, வண்டியில் இருப்பதை நடுராத்திரிக்கும் மழைக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் கேசட்டின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. அப்போது ஊரைத் தேடி ஓட வேண்டிய நாள் தள்ளிப்போகும், வழியை உங்கள் விருப்பப்படி அமைக்கலாம். ஒரு விஷயம் மட்டும்: கேசட்டை அந்தக் குழியில் கொட்டக் கூடாது. ரசாயனம் கலந்த கழிவு அந்த அமைப்பையே கெடுத்துவிடும்.

தண்ணீருக்கும் இதே கதைதான். செல்ஃப்-கன்டெய்ன்டு சான்றுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம், மூன்று நாளுக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. வாடகை வண்டிகளின் தொட்டி இதைவிடப் பெரியதுதான். இருந்தாலும் தினம் வண்டிக்குள்ளேயே குளித்தால் நல்ல தண்ணீர் குறைகிற வேகத்தில் கழிவுநீர்த் தொட்டி நிறையும். டாக் முகாம்களில் பேசிக்குக்கு மேலான ஸ்டாண்டர்டு வகையில் பொதுவாகக் குழாயோ தொட்டியோ ஓடையோ இருக்கும். கொதிக்க வைத்துக் குடி என்று பலகை இருந்தால் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். பாத்திரம் கழுவ, முகம் கழுவ அதுவே போதும். சர்வீஸ்டு வகையில் ஃப்ளஷ் டாய்லெட்டும் வெந்நீர்க் குளியலும்கூட இருக்கும், ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு.

இதைவிட முக்கியம், இந்த முகாம்கள் எங்கே இருக்கின்றன என்பது. வண்டி போகக்கூடியவை நாடு முழுக்க 200க்கும் மேல். மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெ அனாவிலிருந்து 120 கிலோமீட்டர் சாலை, போகிற வழியில் கண்ட இடத்தில் இரவு நிறுத்த அனுமதி இல்லை. ஆனால் எக்லின்டன் பள்ளத்தாக்கில் டாக் முகாம்கள் வரிசையாக இருக்கின்றன, கடைசியில் இருப்பது காஸ்கேட் க்ரீக். அங்கே தூங்கி எழுந்தால், குயின்ஸ்டவுனிலிருந்து விடிகாலையில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகளுக்கு வெகு முன்னால் ஹோமர் சுரங்கத்தைத் தாண்டிவிடலாம். டெ அனாவ் ஹாலிடே பார்க்கில் தங்கியிருந்தால் அதே காலைக்கு இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டும்.

ஆவோராகி அடிவாரத்திலும் அப்படித்தான். ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை வொயிட் ஹார்ஸ் ஹில் முகாமிலிருந்தே தொடங்குகிறது. நட்சத்திரம் தெரிவதற்காக விளக்கொளியைக் கட்டுப்படுத்தும், 2012இல் அறிவிக்கப்பட்ட இருள்வானக் காப்பகத்துக்குள் அந்த முகாமும் அடங்கும் என்பதால் ராத்திரி வானத்துக்குத் தனியாக எங்கும் போக வேண்டாம். வானகாவிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் சாலையிலும் பவுண்டரி க்ரீக், கேமரன் ஃப்ளாட், பிளெசன்ட் ஃப்ளாட் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. சாயங்காலம் களைத்துவிட்டால் இன்னும் எழுபது கிலோமீட்டர் போனால்தான் ஊர் என்ற நெருக்கடி இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மின் இணைப்பு பெரும்பாலான டாக் முகாம்களில் கிடையாது. அது இல்லாமல் வண்டியின் மைக்ரோவேவும் மின் கெட்டிலும் வேலை செய்யாது. கேஸ் அடுப்பில்தான் எல்லாம். பேட்டரி, வண்டி ஓடும்போது ஏறிக்கொள்கிறது. தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டினால் எங்களுக்குப் பிரச்சினை வரவில்லை. ஒரே இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தபோதுதான் விளக்கு மங்கியது. குப்பைத்தொட்டியும் பெரும்பாலும் இருக்காது, உங்கள் குப்பை உங்களோடே வரும். நிறைய இடங்களில் முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு இடம். அப்புறம் சேண்ட்ஃப்ளை என்ற கடிக்கிற குட்டி ஈ. மேற்குக் கரையிலும் மில்ஃபோர்டு இருக்கும் ஃபியோர்ட்லாந்திலும் கதவைத் திறந்த கையோடு மூடத் தெரியாதவர்கள் வருத்தப்படுவார்கள். கடித்த இடத்தின் அரிப்பு அதற்குப் பிறகும் தொடரும்.

ஹாலிடே பார்க் ஏன் நடுநடுவே வேண்டும் என்பது இதற்குள் புரிந்திருக்கும். கேசட்டைக் கொட்டி, கழிவுநீரை வடித்து, தண்ணீர் நிரப்பி, பேட்டரியை முழுசாக ஏற்றி, துணி துவைத்து, நிதானமாக வெந்நீரில் குளித்து, பொதுச் சமையலறையில் நாலு அடுப்பை ஒன்றாகப் பற்ற வைத்துச் சமைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. எங்களுக்கு இரண்டு அல்லது மூன்று இரவு டாக், அப்புறம் ஒரு இரவு ஹாலிடே பார்க் என்ற ஓட்டம் தானாகவே அமைந்துவிட்டது. தினமும் ஹாலிடே பார்க் என்றால் என் பார்வையில் மோட்டார்ஹோமுக்குக் கொடுத்த வாடகை வீண். அதற்கு ஒரு காரையும் மோட்டல் அறையையும் எடுத்துக்கொள்ளலாம், ஓட்டுவதும் சுலபம்.

நான் சொல்வதற்கு எல்லையும் உண்டு. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அந்த நாட்டுப் பள்ளி விடுமுறை. உள்ளூர்க் குடும்பங்களே டாக் முகாம்களை நிறைத்துவிடும் காலம் அது. ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்கா பக்கம் டோட்டரானுய் மாதிரி கடற்கரை முகாமுக்கு அப்போது முன்பதிவு இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதுவும் குறுகலான சரளைக்கல் சாலையில் பெரிய வண்டியோடு. குளிர்காலத்தில் நான் போனதில்லை. அந்த மாதங்களில் மில்ஃபோர்டு சாலையில் சக்கரச் சங்கிலி வைத்திருக்கச் சொல்வார்கள். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓட வேண்டியிருந்தால் மின் இணைப்பின் மதிப்பு ஏறும், என் வரிசையில் பவர் சைட்டுக்குக் கொடுத்த இடம் மாறினாலும் மாறலாம்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. விளையாட்டுத் திடலும் குளியலறையும் இருப்பதால் ஹாலிடே பார்க்கில்தான் குடும்பங்களை அதிகம் பார்த்தோம். ஆனால் காஸ்கேட் க்ரீக்கில் பக்கத்து வண்டியில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள், குழி டாய்லெட் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவர்களுடைய அப்பாதான் டார்ச்சோடு ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்.