கட்டைவிரலுக்காக வாங்கிய மவுஸ் அடாப்டர்: இரண்டரை ஆண்டுக்குப் பிறகு

வேலையிடத்துத் தம்பி ஒருவர் சென்ற வாரம் ஒரு படம் அனுப்பினார். "அண்ணே, பழசுதான், 90 வெள்ளி சொல்றாங்க. வாங்கலாமா?" படத்தில் இருந்தது என்னிடம் இருக்கும் அதே அடாப்டர்: டிவியில் ஆடும் விளையாட்டுப் பெட்டியான கன்சோலில், கைப்பிடிக் கண்ட்ரோலருக்குப் பதிலாக மவுஸை வைத்து ஆட உதவும் சிறு கருவி. நான் புதிதாக 190 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது. துவாஸில் பேருந்து ஏறியதும் அவருக்குப் பதில் தட்டத் தொடங்கினேன். பூன் லே வந்தும் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இதை வாங்கியது ஜெயிப்பதற்காக அல்ல. கிடங்கில் நாள் முழுக்க ஸ்கேனர் பிடித்து வலது கட்டைவிரல் அடியில் தசைநார் வீங்கிவிட்டது. பலதுறை மருந்தகத்தில் பட்டை போட்டு, விரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். கண்ட்ரோலரில் பார்வையைத் திருப்பும் வலது ஸ்டிக், அதாவது சாய்த்து இயக்கும் குட்டிக் குச்சி, முழுக்க அந்த விரலின் வேலைதான். ஜோகூரில் இருக்கும் மச்சான், என் பள்ளித் தோழன், நான் என்று மூவரும் வெள்ளிக்கிழமை இரவுகளில் டெஸ்டினி 2 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுவோம். ஆறு வாரம் நான் இல்லாமல் அவர்கள் வேறு யாரையோ சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். அடாப்டர் வந்த இரவு மூன்று மணி நேரம் ஆடினேன், விரல் வலிக்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் அந்த ஒரு எரிச்சல். பின்னால் திரும்புவது.

ஆட்டத்தில் முதுகுப் பக்கம் அடி விழுகிறது. கணினியில் என்றால் மவுஸை ஒரு இழு இழுத்தால் திரும்பிவிடலாம். இங்கே கை திரும்பிவிடும், திரையில் என் பாத்திரம் திரும்பாது. அது தன் வேகத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். காரணம் எளிது. மவுஸ் சொல்வது தூரம்: இவ்வளவு நகர்ந்தேன், பார்வையும் இவ்வளவு நகரட்டும். ஸ்டிக் சொல்வது வேகம்: இவ்வளவு சாய்ந்திருக்கிறேன், இந்த வேகத்தில் திருப்பு. அடாப்டர் மவுஸின் அசைவை ஸ்டிக்கின் சாய்வாக மாற்றித்தான் கன்சோலுக்கு அனுப்புகிறது. ஸ்டிக் முழுக்கச் சாய்ந்த பிறகு அதற்கு மேல் சாய இடம் இல்லை. அதற்கு மேல் நான் கையை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அந்த அசைவு வீண்தான்.

ஆட்டத்துக்குள் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஸ்டிக்குக்குப் பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்ற அளவை, உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, அளவை அடாப்டரில் குறைத்துக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் சொல்லும் வழி அதுதான், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். திரும்பும் வேகத்தின் உச்சவரம்பு கொஞ்சம் தள்ளிப் போகிறது, மறைவதில்லை. சின்ன அசைவிலும் இதே கதைதான். ஸ்டிக்கின் நடுவில் ஆட்டம் கண்டுகொள்ளாத ஒரு சிறு வட்டம் உண்டு, டெட்சோன் என்பார்கள். அடாப்டர் அதைத் தாண்டிக் குதிக்கும் அளவு சரியாக இல்லையென்றால், குறி முதலில் அசையாமல் நின்று பிறகு துள்ளும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதைத் தனித்தனியாகச் சரி செய்ய வேண்டும். இரண்டரை ஆண்டாகச் சரி செய்துகொண்டிருக்கிறேன்.

பொருளின் தரத்தில் பெரிய குறை இல்லை. யுஎஸ்பி வாய் ஒருமுறை தளர்ந்தது, சிம் லிம் ஸ்குவேரில் 25 வெள்ளிக்குப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதம் என் கைக்குத் தெரியவில்லை.

நியாயம் பற்றியும் சொல்ல வேண்டும். கன்சோல் இதைக் கண்ட்ரோலர் என்றே நம்புகிறது. ஆகவே கண்ட்ரோலர்காரர்களுக்காக வைத்த ஏம் அசிஸ்ட், அதாவது குறிவைக்க ஆட்டமே செய்யும் உதவி, மவுஸுக்கும் கிடைத்துவிடுகிறது. எதிரே ஆடுபவர் வெறும் கட்டைவிரலோடு உட்கார்ந்திருக்கிறார். இது தப்பு என்றுதான் நினைக்கிறேன். அதனால் மனிதர்களை எதிர்த்து ஆடும் பகுதியில் நான் இதைத் தொடுவதில்லை. யூபிசாஃப்ட் என்ற நிறுவனம் 2023இல் தன் ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆட்டத்தில் மவுஸ்டிராப் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒருவரிடம் அடாப்டர் இருப்பது தெரிந்தால் அவருடைய அசைவுகளுக்குத் தாமதம் சேர்த்துவிடும். அதே ஆண்டு டெஸ்டினி 2ஐ உருவாக்கிய பஞ்சி நிறுவனமும் அதில் இப்படிப்பட்ட கருவிகளால் ஆதாயம் தேடுபவர்கள்மீது நடவடிக்கை எடுப்போம் என்றது. உடல் இயலாமைக்கு உதவியாகப் பயன்படுத்துபவர்களை அதில் சேர்க்கவில்லை. அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன்.

ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி மாதிரி ஆட்டங்கள் கன்சோலிலேயே மவுஸை நேராக ஏற்கின்றன. அடாப்டரே தேவையில்லை. கால் ஆஃப் டியூட்டியில் மவுஸுக்கு ஏம் அசிஸ்ட் கிடையாது, கணக்கு நேர். நீங்கள் ஆடுவது இவைதான் என்றால் 90 வெள்ளி வீண் செலவு.

போன வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டத்தில் மூவரில் நான் ஒருவன்தான் மிஞ்சியிருந்தேன். பின்னால் ஒன்று வந்தது. மவுஸை மேசை விளிம்புவரை இழுத்தேன், பாத்திரம் பாதிதான் திரும்பியது. ஒன்றரை மணி நேர உழைப்பு போனது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகவே தம்பி, வாங்காதீர்கள். உங்கள் விரல் நன்றாக இருக்கிறது, கண்ட்ரோலரிலேயே பழகுங்கள். என்னுடையது நாளைக்கே கெட்டுப்போனால் நான் மறுபடி 190 வெள்ளி கொடுத்து இதையே வாங்குவேன், அது வேறு விஷயம். மனம் கேட்கவில்லை என்றால் சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள், முக்கியமாக வேகமாகப் பின்னால் திரும்பிப் பாருங்கள். உங்கள் மவுஸையே கொண்டு வாருங்கள்.