கொச்சியில் பல்லிளித்த ஜிப்: இரண்டு வருடத்துக்குப் பிறகு என் 50 லிட்டர் பை

அந்த 50 லிட்டர் முதுகுப்பையின் விலை சட்டென்று இறங்கியிருக்கிறது. 8,000 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்றது இப்போது 5,000க்குக் கீழே கிடைக்கிறது. "நீ வச்சிருக்கிற அதே பைதானே, வாங்கலாமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், கேட்டவர்களுக்குத் தெரியும். எத்தனை பாக்கெட், என்ன துணி, ரெயின் கவர் உண்டா என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறது. நான் சொல்லப்போவது வாங்கி இரண்டு வருடம் தூக்கிச் சுமந்தவனுக்கு மட்டும் தெரிகிற விஷயம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதன் இடுப்புப் பட்டை மாதிரி ஒன்றை இந்த விலையில் நான் பார்த்ததில்லை. பையின் எடை தோளில் உட்காரக் கூடாது, இடுப்பெலும்பின்மேல் உட்கார வேண்டும். அதற்கு ஆளின் உயரத்தைவிட முதுகின் நீளம்தான் முக்கியம்: தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை. இந்தப் பையில் அந்த நீளத்தை நமக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம். இடுப்பில் பக்கிளைப் போட்டு இறுக்கிவிட்டு, தோள்பட்டைக்கு மேலே இருக்கும் சின்ன வாரை லேசாக இழுத்தால், 12 கிலோவும் தோளை விட்டு இறங்குவது அப்படியே தெரியும். கோகர்ணத்தில் குட்லே கடற்கரையிலிருந்து ஓம் கடற்கரைக்குப் பாறைமேல் ஏறி இறங்கும் வழியில் முழுச் சுமையோடு நடந்தேன். மூச்சு வாங்கியது, தோள் வலிக்கவில்லை. இரண்டு வருடமாகியும் பட்டையின் உள்ளே இருக்கும் மெத்தை அமுங்கவில்லை, ஒரு தையல்கூட விடவில்லை.

உள்பக்கம் கொஞ்சம் பிசுபிசுத்தது உண்மை. மேல் மூடிக்குள் இருந்த பூச்சு இரண்டாவது மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது, புளித்த வாடையும் வந்தது. அதை இந்தப் பையின் குற்றமாக நான் எழுதமாட்டேன். தண்ணீர் புகாமல் இருக்கத் துணிக்கு உள்ளே பாலியூரித்தேன் பூசுகிறார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது நாளாவட்டத்தில் சிதையும், நம் ஊர்க் காற்றில் இன்னும் சீக்கிரமாக. பயணம் முடிந்ததும் நன்றாகக் காயவைத்து, சுருட்டாமல் காற்றோட்டமாக வைத்தால் கூடுதல் காலம் தாங்கும்.

இனி ஜிப்.

இந்தப் பை மேலே மட்டும் திறக்கிற பை இல்லை. முன்பக்கம் முழுவதும் சூட்கேஸ் மாதிரி வளைவாகத் திறக்கும். அடியில் கிடக்கும் ஒரு சட்டைக்காக மொத்தத்தையும் வெளியே கொட்ட வேண்டாம், அது பெரிய வசதி. ஆனால் அப்படித் திறக்கிற பையில் உள்ளே இருக்கும் அத்தனை சாமானும் நெட்டித் தள்ளுவது அந்த ஒரு ஜிப்பைத்தான். அந்த இடத்தில் போய் இவர்கள் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த மாதிரி.

கோவாவிலிருந்து கடலோரமாகவே இறங்கிக் கொச்சி வந்தேன். ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்துக்குப் பக்கத்தில் நண்பர்கள் இரண்டு பேர் வீடு எடுத்திருக்கிறார்கள். அவன் தூத்துக்குடிக்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன். அவன் மனைவி மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஊர் சுற்றியது போதும், கடைசி நாட்களை இவர்களோடு சும்மா கழிக்கலாம் என்றுதான் போனேன். அப்படித்தான் கழிந்தது. காலையில் சீன வலைப் பக்கம் போய் நிற்போம். கயிற்றில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள் ஒவ்வொன்றாக இறங்க, எதிர்ப்பக்கம் அவ்வளவு பெரிய வலை தண்ணீரிலிருந்து எழுந்து வரும். ஐந்தாறு பேர் இழுத்தாலும் பல தடவை ஒரு கை மீன்கூட இருக்காது. இருப்பதைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். மத்தியானம் மட்டாஞ்சேரி பஜார் ரோடு, சுக்கும் மிளகும் மணக்கிற பழைய கிடங்குகள். சாயங்காலம் வாட்டர் மெட்ரோ. 2023இல் தொடங்கிய சேவை, பேட்டரியில் ஓடும் குளிர்சாதனப் படகு. வேலையே இல்லாமல் எர்ணாகுளம் பக்கம் ஹைகோர்ட் படகுத்துறை வரை போய்விட்டுத் திரும்புவோம். பேசி முடிக்க வேண்டியது அவ்வளவு இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் பையைக் கட்ட உட்கார்ந்தேன். வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகிற ரோ-ரோ படகில் வைப்பின் தீவுக்குப் போய், அங்கிருந்து செராய் கடற்கரை, இருட்டும் வரை அங்கேயே இருப்பது என்று மூவரும் முடிவு செய்திருந்தோம். மிளகு, சுக்கு, அவள் அம்மா கொடுத்த மீன் ஊறுகாய் பாட்டில், எல்லாம் வைத்தாகிவிட்டது. ஜிப்பை இழுத்தேன். ரன்னர் முன்னால் போகிறது, பின்னால் பல் திறந்துகொண்டே வருகிறது. திரும்ப இழுத்தேன். அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் துணியைச் சேர்த்துப் பிடிக்க, இன்னொரு தடவை. அதே கதை. முழுதாக நிரம்பக்கூட இல்லாத பை அது! இதற்கு முன்பும் இப்படிச் செய்திருக்கிறது. குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெல்ல அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அழுத்தியபோது ஓரம் விரிசல் விட்டுவிட்டது.

தோப்பும்படியில் பை தைக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தோம். முதியவர், ஒரு தையல் மெஷின், சுவர் முழுக்க ஸ்கூல் பைகள். ரன்னரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்வாயில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. கடல் உப்பு என்று நினைத்தேன். உப்பு தின்ற உலோகம் என்றார் அவர். ரன்னர் துத்தநாகக் கலவையில் வார்ப்பது. மேலே இருக்கும் முலாம் மெலிதாக இருந்தால் உப்புக்காற்று அதைத் தாண்டி உள்ளே போய்விடும், துத்தநாகம் இப்படி வெள்ளையாகப் பூத்துவிடும். ஜிப்பின் பல் நைலான் இழையைச் சுருளாகச் சுற்றியது, அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. இரண்டு வரிசைப் பல்லையும் நெருக்கிப் பூட்டுவது ரன்னரின் வாய்தான். அந்த வாய் துளி அகன்றால் போதும், பூட்டாது. ஜிப் போய்விட்டது என்று முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லும் கடைகளில் கொஞ்சம் நிதானியுங்கள். பல வேளைகளில் போனது ரன்னர் மட்டும்தான்.

ரன்னரின் முதுகில் 8 என்று எண் இருந்தது. அவரிடம் இருந்த 8ஆம் எண் ரன்னரில் முதலில் எடுத்தது பொருந்தவில்லை, ஏனென்றால் அது தனித்தனியாக வார்த்த பல்லுக்கானது. நைலான் சுருளுக்கு வேறு ரன்னர், உலோகப் பல்லுக்கு வேறு. எண் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்கு இன்னொன்று ஓடாது. அப்புறம் தகர டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, தடிமனான ஒன்றை எடுத்தார். பையின் அடியில் ஜிப் நாடா உள்ளே போகிற இடத்தில் தையலைப் பிரித்து, நுனியை வெளியே இழுத்து, இரண்டு பக்கப் பல்லையும் ஒரே அளவில் ரன்னருக்குள் நுழைத்தார். அந்த ஒரு நிமிடம் மூச்சுக்கூட விடவில்லை, ஒரு பல் முன்பின்னாகப் போனாலும் கடைசியில் துணி கோணிக்கொள்ளுமாம். நுழைத்து, ஓட்டிப் பார்த்து, முனையில் நூலால் தடுப்புக் கட்டி, மறுபடி தைத்தார். 120 ரூபாய். வேலை அருமை. ஆனால் வெளியே வந்தபோது வெயில் இறங்கிவிட்டது, செராய் போவதற்கு நேரமில்லை.

இதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு அடுத்த மாதம் வேறு ஊரில் வேலை, வீட்டைக் காலி செய்யப் போகிறார்கள். மூவரும் சேர்ந்து இன்னொரு சாயங்காலம் எப்போது வாய்க்கும்? அந்தச் சாயங்காலத்தை ஒரு ரன்னர் தின்றுவிட்டது.

"கடலோரத்தில் எந்த ஜிப்பும் இப்படித்தான்டா ஆகும், பையைத் திட்டாதே" என்றான் நண்பன். நியாயமாகப் பார்த்தால் பாதி சரி. மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது: அதே காற்றில், அதே மணலில், இதைவிடப் பழைய என் கேமரா பையும்தான் கூடவே வந்தது. அதன் ரன்னரில் ஒரு புள்ளி இல்லை. முன்பு ஒரு தடவை ஜிப் தகராறு செய்தபோது கம்பெனிக்கு எழுதினேன். ஜிப் தேய்வது இயல்பானது, வாரண்டியில் வராது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சட்டைக்கு வைக்கிற ஜிப் என்றால் ஒத்துக்கொள்வேன். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கென்று செய்த பையில், மொத்தச் சுமையும் தள்ளுகிற இடத்தில், ரன்னர் தேய்வது இயல்பு என்றால் என்ன அர்த்தம்?

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வெளி என்கிற அந்தப் பகுதியிலேயே இருக்கும் தோபிகானா என்ற சலவைக்கூடத்தில் நின்றோம், என் துணி அங்கே இருந்தது. டச்சுக்காரர்கள் படையினரின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். இன்றைக்கும் தமிழ்தான் பேசுகிறார்கள். கொடியில் ஒரு கிளிப் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் பறப்பதில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த என் சட்டைகளை எடுத்துக் கொடுத்த பெரியவர் காலிப் பையைத் தொட்டுப் பார்த்தார். "உப்பு இறங்காம எதுவும் நிக்காது தம்பி. நல்ல தண்ணியில ரெண்டு அலசு அலசு, நிழல்ல காய வை" என்றார். கைப்பிடி அழுக்கைக் காட்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஜிப்பின் ஓரமெல்லாம் தேய்க்கவும் சொன்னார். அன்று இரவே மாடியில் ஜிப்பை மட்டும் அலசினோம். அவள் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்துவந்து பல்வரிசை முழுக்கத் தேய்த்தாள். இவன் ரன்னரை ஓட்டிக்கொண்டே இருந்தான். நள்ளிரவு தாண்டியும் பேச்சு ஓயவில்லை. மறுநாள் எர்ணாகுளம் ஜங்ஷனில் பையை பெர்த்துக்கு அடியில் தள்ளும்போதும் இருவரும் ஜன்னலுக்கு வெளியே நின்று, பேசி முடிக்காததைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புது ரன்னர் போட்டதிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. பையும் முன்பைவிட நன்றாக இருக்கிறது, இன்னும் ஐந்து வருடம் தாராளமாக வரும். நான் இதை விற்கப்போவதும் இல்லை, அந்த இடுப்புப் பட்டையை விட்டுக்கொடுக்க மனம் வராது.

சரி, வாங்கலாமா? வேண்டாம். மலைக்கு மட்டும்தான் போவேன், கடல் பக்கமே போகமாட்டேன் என்றாலும் வேண்டாம். 120 ரூபாயில் தீர்ந்த விஷயத்துக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அந்த 120 ரூபாய் வேலையை அவர்கள் செய்திருக்க வேண்டும் என்பதுதான் கோபமே. விலையைக் குறைத்தவர்கள் ரன்னரை மாற்றியதாக எங்கேயும் சொல்லவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே ரன்னரின் முதுகைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். அதே எண்ணில், நைலான் சுருளுக்கான ரன்னர் இரண்டு வாங்கி மேல் மூடிக்குள் போட்டு வையுங்கள். கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் ஜிப்பை அலசுங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அடுத்த பயணம் வரை காத்திருக்காமல் உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.