உத்திரத்தில் ஓட்டை போடாமல் வெளிச்சம்: ஊட்டியின் பழைய தேவாலயங்களுக்கு எந்த விளக்கு?

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டி, மறு ஆண்டே பிரதிஷ்டை செய்தார்கள். அதன் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிய மரம். அப்படிப்பட்ட மரத்தில் ட்ரில் போட்டால் போட்டதுதான். அதனால் நீலகிரியின் பழைய தேவாலயம் எதற்கு விளக்கு மாற்றினாலும் நான் விலையைப் பிறகுதான் பார்ப்பேன். நாளைக்கு இதைக் கழற்றினால் தடம் இருக்குமா? முதல் கேள்வி அதுதான்.

சபைக் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை, சுவரில் நாலு எல்இடி ஃபிளட் லைட். மலிவு, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சில் ஸ்க்ரூ பிடிக்க ராவல் பிளக் (பிளாஸ்டிக் குழாய்) அடித்தால் ஓட்டையைச் சுற்றிப் பொலபொலவென்று உதிரும். உடனே கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசிவிடுவார். தென்மேற்குப் பருவமழையில் சுவர் குடிக்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாக வேண்டும். சிமென்ட் அதை மறித்துவிடும். கொஞ்ச காலத்தில் சிமென்ட் அப்படியே நிற்க, பக்கத்துச் சுண்ணாம்பு உப்பிக் கழன்று வரும். வெளிச்சமும் நன்றாக இருக்காது: 6500 கெல்வின் என்ற நீலம் கலந்த வெள்ளை, பெஞ்சில் இருப்பவர் கண்ணில் நேராக அடிக்கும். கல்யாண போட்டோக்காரர்களுக்கு மட்டும் பிடிக்கும். அவர்கள் சொந்த விளக்கு கொண்டுவரட்டும்!

தொங்கு விளக்கு இதற்கு நேர் எதிர். உத்திரத்தைச் சுற்றி ஃபெல்ட் துணி வைத்துப் பட்டை கட்டி, அதிலிருந்து தொங்கவிடலாம், ஆணியே வேண்டாம். வயரை உத்திரத்தின் மேல்பக்கம் ஓட்டினால் கீழிருந்து தெரியாது. வெளிச்சம் பாட்டுப் புத்தகத்தின் மேலேயே விழும். பெஞ்சு மட்டத்தில் 100 முதல் 150 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) கிடைத்தால் வயதானவர்களும் சிரமமில்லாமல் படிப்பார்கள். குறை என்ன? நடுவில் தொங்கினால் பீடத்தையும் வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் மறைக்கும், கூரை இருட்டாகவே கிடக்கும். கனமான பித்தளைச் சரவிளக்கு என்றால், உத்திரம் தாங்குமா என்று முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துவிட வேண்டும்.

சுவர் விளிம்பின் மேல் வைத்துக் கூரையை நோக்கி எரியும் விளக்கு அழகுக்கு முதலிடம். உத்திரங்களின் முழு வடிவமும் அப்போதுதான் தெரியும். ஆனால் கருத்த மரம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். கீழே திரும்பி வருவது கொஞ்சம்தான். அதை மட்டும் நம்பி மாலை ஆராதனை நடத்த முடியாது. மரத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு வைத்து, எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ட்ரைவர் பெட்டி சூடாகும், அதைத் தனியே காற்றோட்டமான இடத்தில் வைப்பது நல்லது. வௌவால் எச்சம் விழும் இடத்தைத் தவிர்க்கலாம்.

தரையில் நிறுத்தும் ஸ்டாண்ட் விளக்கு கட்டடத்தைத் தொடவே தொடாது. ஆனால் நடைபாதையில் வயர் காலில் இடறும். பண்டிகைக்கு மட்டும் சரி.

என் கணக்கில் ஓரங்களில் தொங்கு விளக்கு, பீடத்துக்கு மேலே மட்டும் கூரையை நோக்கி எரியும் விளக்கு, இரண்டுக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தனித்தனி டிம்மர். நிறம் மஞ்சள் கலந்த 2700 கெல்வின், நிறங்களைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ 90-க்கு மேல். இந்த நிறத்துக்குப் பூச்சியும் குறைவாக வரும். எண்ணெய் ஓவியம் இருந்தால் அதன் மேல் 200 லக்ஸ் தாண்டக் கூடாது. பழைய துணி, நீர்வண்ணம் என்றால் 50 போதும். ஹாலஜன் வேண்டவே வேண்டாம். சூடும் புறஊதாக் கதிரும் சேர்ந்து நிறத்தை வெளிறச் செய்யும்.

வாங்குவதற்கு முன் இரவல் விளக்கு இரண்டைக் கட்டி ஒரு மாலை ஆராதனை நடத்திப் பாருங்கள். எதைத் தேர்ந்தாலும், பழைய ரப்பர் உறை வயர் எங்காவது மிச்சமிருந்தால் முதல் செலவு அதை மாற்றுவதற்குத்தான். எர்த்திங்கும் இடி தாங்கும் சர்ஜ் கருவியும் அதே பில்லில் வரட்டும்.