லைக்கனை அனுப்பினேன், பூஞ்சணம் வந்தது

தருமபுரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையின் உலர்தாவரப் பெட்டியில் வத்தல்மலை லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் உயிர்) ஒன்று ‘ரிமேலியா’ என்ற சீட்டுடன் வெகுகாலமாகக் கிடக்கிறது. “இந்தப் பேரினம் இப்போதும் உண்டா, சார்?” என்று மாணவி ஒருத்தி கேட்டுவிட்டாள். பழைய மாதிரியில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும் என்பதால் அதே மலையில் புதிதாக எடுத்து, இன்னும் இரண்டையும் சேர்த்து, பெங்களூருவில் டி.என்.ஏ. வரிசைப்படுத்தித் தரும் ஆய்வகம் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். 4,500 ரூபாய், 19 நாள்.

வத்தல்மலை மாதிரி சில்வர் ஓக் பட்டையில் இருந்த சாம்பல் நிற இலை லைக்கன். லென்ஸில் பார்த்தால் மேல்தோலில் மீன்வலை போல வெள்ளைக் கோடுகள். கோட்டின் வழியே வெடிப்பு. 1990இல் ரிமேலியாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது இந்த வலை முக்கிய அடையாளமாக இருந்தது. 2005இல் வந்த மூலக்கூறு ஆய்வில் அது பார்மோட்ரீமா என்ற பேரினத்தின் கிளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது; அதாவது, தனிப் பேரினம் இல்லை என்றாகிவிட்டது. எனக்கு வந்த ஐ.டி.எஸ். (பூஞ்சைகளை அடையாளம் காணப் பயன்படும் டி.என்.ஏ. பகுதி) வரிசையும் பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டத்துடன்தான் பொருந்துகிறது. மூலக் கோப்பைக் கேட்காமலே இணைத்திருந்தார்கள். அதற்கு நன்றி.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பில் பட்டையோடு ஒட்டிக்கிடந்த வெள்ளைத் திட்டுதான் வம்பாகிவிட்டது. அறிக்கையில் ‘கிளாடோஸ்போரியம்’ என்று இருந்தது. அது ஈரச் சுவரிலும் காற்றிலும் இருக்கிற சாதாரணப் பூஞ்சணம்! லைக்கனின் பெயர் என்பது அதிலுள்ள பூஞ்சையின் பெயர். ஆனால் அந்த உடலுக்குள் ஒண்டுக்குடித்தனமாக வேறு பூஞ்சைகளும் இருக்கும். டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு துண்டு அவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஓர் எச்சரிக்கை வரியாவது போட்டிருக்கலாம். போனில் கேட்டால், “சார், நீங்கள் அனுப்பியதில் இருந்தது அதுதான்” என்றார்கள். பொய்யில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது, மளிகைக் கடைக் கல்பாசி. மசாலாவில் போடும் அதுவும் லைக்கன்தான். டி.என்.ஏ. தேறவில்லை, அதற்கான பணத்தைப் பில்லில் கழித்துவிட்டார்கள். பல சிற்றினங்கள் கலந்து வருகிற சரக்கை அனுப்பியது என் அசட்டுத்தனம்.

பேரினத்தையே பிரிக்கவோ சேர்க்கவோ வேண்டுமென்றால் ஐ.டி.எஸ். மட்டும் போதாது, இன்னும் சில மரபணுக்கள் வேண்டும். அதற்கு அவர்கள் சொல்லும் விலை எங்கள் துறைக்குக் கட்டுப்படியாகாது. முடிவைத் தானே படித்துச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் தாராளமாக அனுப்பலாம். இந்த ஆய்வகத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன்.

பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது என்பது உலர்தாவர வழக்கம். அதன் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, பெயரை அந்த மாணவியையே எழுதச் சொன்னேன். மாம்பட்டைத் திட்டை அடுத்த மாதம் லென்ஸுக்குக் கீழே நானே சுரண்டி அனுப்பப்போகிறேன்.