மாசி வீதியில் ஓடும் சித்திரைத் தேர்: மதுரை நடைப்பயணம் எப்படி?

மதுரையின் பழைய நகரத்தை நடந்தே சுற்றிக் காட்டும் சின்னக் குழு ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு போனேன். ஆளுக்கு 500 ரூபாய், காலை ஆறரைக்குத் தொடக்கம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்களை விட மதுரைக்காரர்கள்தான் முதலில் இதற்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் தினமும் வண்டியில் கடக்கிற தெருக்களை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை.

கோயிலுக்குள் கூட்டிப் போவதில்லை. அது எனக்குப் பிடித்தது. கீழக்கோபுரத்துக்கு எதிரில், புது மண்டபத்துப் பக்கம் ஆரம்பித்து, எழுகடல் தெருவில் பாதியில் நின்றுபோன ராயகோபுரத்தைக் காட்டிவிட்டு, வீதி வீதியாக வெளியே வருகிறார்கள். ஆடி வீதி கோயிலுக்குள், அதைச் சுற்றிச் சித்திரை, அப்புறம் ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. இந்த வரிசை மதுரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வழிகாட்டி மாசி வீதி முனையில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்: தேரோட்டம் சித்திரையில், தேர் ஓடுவது மாசி வீதியில், ஏன்? வந்திருந்தவர்களில் பாதிப் பேர் உள்ளூர், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்பு மீனாட்சி கல்யாணமும் தேரும் மாசியில்தான் நடந்தன, திருமலை நாயக்கர்தான் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி, தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை மதுரைப் பக்கம் திருப்பி, இரண்டையும் ஒரே விழாவாகச் சேர்த்தார் என்று பொறுமையாக விளக்கினார். விழா மாதம் மாறிவிட்டது, வீதி தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. வண்டியூர்ப் பக்கம் மண்டூக முனிவருக்கு அழகர் சாப விமோசனம் கொடுக்கிற மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர் என்று அதோடு சேர்த்துச் சொன்னபோது, வருஷா வருஷம் காதில் விழுகிற ஒரு பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று இருந்தது.

இந்த நடையின் பலமே இதுதான், தெருவையும் திருவிழாவையும் பிரிக்காமல் சொல்கிறார்கள். ஆவணி மூல வீதியில் நின்றால் பிட்டுக்கு மண் சுமந்த கதை வருகிறது, தெப்பக்குளம் பற்றிப் பேச்சு வந்தால் நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம் அது என்பதும், தைப்பூசத்தில் நடக்கும் தெப்பமும், அங்கே மண்ணுக்குள் கிடைத்தவராகச் சொல்லப்படும் முக்குறுணிப் பிள்ளையாரும் ஒன்றாகவே வருகிறார்கள்.

வெளி வீதிப் பகுதியும் நன்றாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த கதை, அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன என்ற செய்தி, அதே பிளாக்பர்னுக்காக ஊர் எழுப்பியதுதான் நாம் ஜிகர்தண்டா குடிக்கப் போகும் விளக்குத்தூண் என்பது, எல்லாம் ஒரு கோவையாக வந்தன. பத்துத்தூண் சந்தில் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் அந்தக் கல்தூண்களை அண்ணாந்து பார்த்தால்தான் நாயக்கர் அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று உறைக்கிறது. இப்போது மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அதில் மிஞ்சிய ஒரு பகுதிதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

புது மண்டபத்தில் நாயக்க மன்னர்களின் சிலைகளைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அந்த மண்டபத்துக்குள் எத்தனையோ காலம் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பட்டுப்பாவாடைக்கு அளவு கொடுத்தால் கோயிலுக்குள் போய் வருவதற்குள் தைத்து வைத்திருப்பார்கள், பக்கத்திலேயே பாடப்புத்தகக் கடை, பாத்திரக் கடை. அழகர் ஆற்றில் இறங்கும்போது தோப்பறை என்ற தோல்பையைத் தோளில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் திரி எடுத்து ஆடுகிறவர்களும் போட்டுக்கொள்ளும் சல்லடமும் தலைப்பாகையும் அங்கேதான் தயாராகும். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபம் காலியானது நல்லதா கெட்டதா என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, சிற்பங்கள் வெளியே தெரிவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தையல்காரர்களைச் சொல்லாமல் புது மண்டபத்தின் கதையை முடிக்கவே கூடாது. சத்திரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அங்கே ஒரு பழைய தையல்காரரிடம் பத்து நிமிடம் பேச வைத்திருந்தால் அந்தக் காலையின் சிறந்த இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அதை விடப் பெரிய குறை, இருபதாம் நூற்றாண்டை அவசர அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீட்டில். அந்த வாசலில் ஒரு போட்டோ எடுக்கிற நேரம்தான் நின்றோம். அந்தக் கோலத்தில் அவர் முதன்முதலில் மக்கள் முன் நின்ற இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரிலேயே இருக்கிறது, அதைச் சொல்லக்கூட இல்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கனும் மற்றவர்களும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கோயிலைச் சுற்றி அத்தனை வீதியும் நடக்கிறோம், அந்தக் கோபுர வாசலை யார் யார் தாண்ட முடியாமல் இருந்தார்கள் என்று சொல்லாமல் எப்படி நகர முடிகிறது? ராஜா கட்டினார், ராஜா இடித்தார் என்பதோடு ஒரு ஊரின் வரலாறு நின்றுவிடாது. நெசவு செய்த சௌராஷ்டிர மக்கள், சுண்ணாம்புக்காரத் தெருவில் சங்கம் வைத்து இன்றும் கோயில் கொடைகளுக்கு விடிய விடிய நாடகம் போடுகிற ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள், இவர்களுக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் இடம் இருந்திருக்க வேண்டும். இதை முடிவில் வழிகாட்டியிடமே சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டு, குறித்துக்கொண்டார். அந்தத் தம்பிக்கு ஊர் மேல் உண்மையான பிரியம் இருக்கிறது, கேட்ட கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொன்னதிலும் அது தெரிந்தது.

ஏற்பாடு பரவாயில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். ஆள் அதிகம், இருபதுக்கும் மேல், அதனால் பின்னால் வருகிறவர்களுக்குப் பாதி கேட்காது, வெண்கலக்கடைத் தெருவில் கடை திறக்கிற சத்தத்தில் சுத்தமாகக் கேட்கவில்லை. வயதானவர்களை அழைத்துப் போனால் நடுவில் உட்கார ஒரு இடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர்களாக நிறுத்துவதில்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை: சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் போங்கள். அப்போது கேட்டதெல்லாம் மனதில் இருக்கும்போதே திக்விஜயம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை என்று வரிசையாக நேரில் பார்த்துவிடலாம். அன்று மாலையே தமுக்கம் பக்கம் இருக்கும் காந்தி மியூசியத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்தது, காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மேலமாசி வீதியில் இவர்கள் சொல்லாமல் விட்டதில் பாதியை அங்கே தெரிந்துகொள்ளலாம். போவதற்கு முன் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.