கிரீன் கார்டு பேப்பர் வேலைக்கு ஒரு பாலக்காட்டு கன்சல்டன்சி: 5க்கு 3

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம், ஆனால் முழு பேக்கேஜ் எடுக்காதீர்கள். பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில், அட்டெஸ்டேஷன், மொழிபெயர்ப்பு, ஸ்டூடண்ட் விசா, கல்ஃப் மெடிக்கல், கிரீன் கார்டு என்று சகலத்தையும் ஒரே போர்டில் எழுதி வைத்திருக்கும் கடைகளில் ஒன்று. பெயர் போடவில்லை. கொஞ்சம் திட்டப் போகிறேன், அதோடு அந்தப் பக்கத்தில் இருக்கிற மற்ற கடைகளும் ஏறக்குறைய இதே வியாபாரம்தான், அதனால் நீங்கள் எந்த மாடி ஏறினாலும் இது உதவும்.

நான் கொழிஞ்சாம்பாறை, தமிழ்நாட்டு எல்லையோரக் கேரள ஊர். வீட்டுக்காரர் அமெரிக்கர், ஒஹாயோக்காரர், கோயம்புத்தூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தபோது பழக்கம். கல்யாணம் 2024 தொடக்கத்தில். என்னை மனைவியாக அங்கே அழைத்துப் போக அவர் ஐ-130 என்ற மனு போட வேண்டும், நான் இங்கிருந்து விசா வாங்கிப் போய் இறங்கினால் கிரீன் கார்டு வரும், அதுதான் மொத்தக் கதை. இதற்குக் கடைக்காரர் சொன்ன விலை 85,000 ரூபாய். சான்றிதழ் வேலை மட்டும் போதும் என்றால் 15,000. அமெரிக்க அரசுக்குக் கட்டும் பணம் இதில் சேராது.

சான்றிதழ் வேலையில் இவர்கள் கெட்டி, அதை மறைக்கக் கூடாது. வீட்டுக்காரர் இந்து இல்லை என்பதால் இந்து திருமணச் சட்டத்தில் பதிய முடியாது, 1954ஆம் வருஷத்து ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்தான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அப்புறம் நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும், கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள். நோட்டீஸை சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் போர்டில் ஒட்டுவார்கள். எங்கள் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரா சித்தூர் இல்லைங்க, பாலக்காட்டு சித்தூர்) பத்திரம் பதிய வருகிற பாதிப் பேர் தெரிந்தவர்கள், ஒட்டின அன்றைக்கே ஒருத்தர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஏனுங்க்கா, மாப்பிள்ளை வெள்ளைக்காரருங்களா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கேட்டுவிட்டுப் போனார். சரி, அதைக் கன்சல்டன்சி தடுக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் கடை நிஜமாகவே காப்பாற்றியது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஆபீஸில் ஆதாரம் கேட்டார்கள். அமெரிக்க அரசு அப்படி ஒரு சான்றிதழ் தருவதே இல்லை. சென்னை துணைத் தூதரகத்தில் நோட்டரி அப்பாயிண்ட்மெண்ட் எடுத்து, அதிகாரி முன்னால் அவரே சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், ஒரு முத்திரைக்கு 50 டாலர். இதை அங்கே மொழிபெயர்ப்பு பார்க்கிற அம்மா ஒரு நிமிஷத்தில் சொல்லி, வாசகத்தையும் டைப் அடித்துக் கொடுத்தார்.

அடுத்தது என் பிறப்புச் சான்றிதழ். நான் பிறந்தது பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரியில், எல்லை தாண்டினால் அங்கேதானே பிரசவம் பார்ப்பார்கள் எங்கள் ஊரில். சான்றிதழில் அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் இருக்கிறது, குழந்தை பெயர் என்ற இடம் மட்டும் வெறும் கோடு. என் வயதில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், போய் எடுத்துப் பாருங்கள். பிறந்து 15 வருஷத்துக்குள் பெயர் சேர்த்திருக்க வேண்டும் என்பது விதி, தமிழ்நாட்டில் பழைய ஆட்களுக்கு 2024 டிசம்பர் கடைசி வரை அவகாசம் நீட்டியிருந்தார்கள், அதற்குள் கடை ஆள் பொள்ளாச்சி நகராட்சிக்கு எஸ்எஸ்எல்சி புத்தகத்தோடு போய் முடித்துவிட்டார். இனிஷியல் சண்டை வேறு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, எஸ்எஸ்எல்சியில் இனிஷியல் மட்டும், கேரளாவில் எடுத்த ரேஷன் கார்டில் மலையாளம் வழியாகப் போய் வந்து அப்பா பெயரில் ஒரு எழுத்தே மாறியிருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம், அதோடு எந்த இடத்தில் எந்த எழுத்து என்று பட்டியல். இதற்கே 15,000 தகும் என்பேன். தாலுகா ஆபீஸ், நகராட்சி, நோட்டரி என்று இரண்டு மாநிலத்துக்கு நடுவில் அலைகிறவர்களுக்கு இந்த அலைச்சலின் விலை தெரியும்.

ஒரு சின்ன திருத்தம் மட்டும். தமிழ், மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றின ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி முத்திரை வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறை கேட்பது, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்ட குறிப்புதான். முத்திரை தேவையில்லை. சொன்னதும் எதுவும் பேசாமல் கழித்துவிட்டார்கள்.

இனி 85,000 ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன்.

கவுண்டர் பையன் முதல் நாள் சொன்ன யோசனை, "சேச்சி, ஐ-130 போட்டா ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், டூரிஸ்ட் விசா எடுத்துப் போயிருங்க, அங்க போய் மாத்திக்கலாம், எல்லாரும் அதான் பண்றாங்க." இதை யாராவது உங்களிடம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கேயே தங்கும் எண்ணத்தை மறைத்து, சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி விசா வாங்குவதும் இறங்குவதும் பொய்த் தகவல் கணக்கில் சேரும், அது நிரூபணமானால் வாழ்நாள் தடை, வெய்வர், அதாவது விலக்கு, கிடைத்தால்தான் பிறகு கதவு திறக்கும். ஏற்கெனவே வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ அங்கே இருக்கிறவர் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போடுவது வேறு, அது சட்டத்தில் உள்ள வழி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்வதுதான் ஆபத்து. அந்தப் பையனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தடை விழுந்தால் அவன் பெயரில் விழாது.

இரண்டாவது, பாஸ்வேர்டு. மனுதாரர் என் கணவர். ஆன்லைன் கணக்கு அவருடையது. கடையில் கேட்டது அவருடைய ஈமெயிலும் பாஸ்வேர்டும், ஓடிபி வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமாம். கொடுக்கவில்லை. விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினால் அவர் பெயர், முகவரி, கையெழுத்து போட அதிலேயே தனிப் பகுதி இருக்கிறது. அதில் போடுவீர்களா என்று கேட்டேன், சிரித்தார்கள். சட்ட ஆலோசனை சொல்லும் உரிமை அமெரிக்க வழக்கறிஞர்களுக்கும் அந்நாட்டு நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதிகளுக்கும் மட்டும்தான். பாலக்காட்டில் மாடியில் இருப்பவர் டைப் அடித்துத் தரலாம், எந்தக் கட்டத்தில் என்ன பதில் சொன்னால் நல்லது என்று சொல்லக் கூடாது.

பார்க்கப் போனால் விண்ணப்பம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஐ-130 அவர் போடுவது, ஐ-130ஏ என்னைப் பற்றிய விவரம், நான் வெளிநாட்டில் இருப்பதால் அதில் என் கையெழுத்துகூட வேண்டாம். 2024 ஏப்ரலில் கட்டணம் ஏறிய பிறகு ஆன்லைனில் 625 டாலர், பேப்பரில் 675. அது பாஸானால் அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போகும், அங்கே 325 டாலர், 120 டாலர் என்று இரண்டு கட்டணம், அதை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே கட்ட முடியும். ஆக "ஃபீஸ் எல்லாம் நாங்களே கட்டிடுவோம் சேச்சி" என்று கடை சொல்வதற்கு அர்த்தமே இல்லை, எங்கள் வீட்டுக்காரர்தான் அங்கே உட்கார்ந்து கட்ட வேண்டும். கேஸ் நம்பர் பி.எம்.பி (BMB) என்று தொடங்கினால் நேர்காணல் மும்பையில். சென்னையில் என்று கடையில் அடித்துச் சொன்னார்கள், முன்பு சென்னையில் நடந்த பழைய கதை அவர்கள் தலையில் அப்படியே இருக்கிறது.

உண்மையில் சிக்கலான இடம் ஐ-864, அதாவது அவர் என்னைக் காப்பாற்றுவேன் என்று எழுதிக் கொடுக்கும் ஸ்பான்சர் பத்திரம். அமெரிக்க வறுமைக் கோட்டின் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும், குடும்பத்தில் எத்தனை பேரோ அதற்கேற்ப ஏறும். கூடவே அமெரிக்காவில் குடியிருப்பு காட்ட வேண்டும். எங்களுக்கு இடித்தது இங்கேதான், அவர் கோயம்புத்தூரில் இருந்தவர், அமெரிக்காவில் சம்பளமும் இல்லை, வீடும் இல்லை. கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, இந்திய வருமான வரி ரிட்டர்ன் கொடுங்கள் என்றார்கள். கடைசியில் அவர் ஒஹாயோவில் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் பணம் கட்டி ஒரு தடவை பேசினார், அந்த வக்கீல்தான் வழி சொன்னார்: அவர் முன்னதாகவே திரும்பிப் போய் வீடு வாடகைக்கு எடுப்பது, வேலையில் சேருவது, அவங்க அப்பா கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடுவது. மாமனார் கையெழுத்துப் போடுமுன் நன்றாக யோசித்தார், அதுவும் நியாயம்தான், ஏனென்றால் நான் குடியுரிமை வாங்கும் வரை அல்லது சுமார் 10 வருஷத்துக்குச் சமமான 40 காலாண்டு வேலை சேரும் வரை அந்தப் பொறுப்பு நிற்கும், விவாகரத்து ஆனாலும் போகாது.

போலீஸ் சான்றிதழிலும் கடை சறுக்கியது. கேரள போலீஸ் ஆன்லைனில் தரும், குற்ற வழக்கில் சம்பந்தமில்லை என்கிற சான்றிதழை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்றார்கள். தேவை அதுவல்ல, பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய் கட்டி வாங்கும் பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட். கல்ஃபில் இருந்தவர்கள் கவனியுங்கள், 16 வயதுக்கு மேல் ஒரு வருஷமோ கூடவோ வேறு நாட்டில் இருந்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும், எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் துபாய், குவைத் என்று இருந்து வந்தவர்தானே.

போட்டோவுக்கு மட்டும் கடைக்கு மறுபடியும் ஒரு நன்றி. ஊர் ஸ்டூடியோக்களில் பாஸ்போர்ட் சைஸ் என்றால் நம்ம சைஸ்தான் வரும். அமெரிக்காவுக்கு இரண்டுக்கு இரண்டு இஞ்ச், வெள்ளை பின்னணி, கண்ணாடி போடக் கூடாது. இவர்களே எடுத்து அளவு பார்த்து வெட்டிக் கொடுத்தார்கள். ஆனால் கல்யாண ஆல்பம் மொத்தத்தையும் ஸ்கேன் செய்யச் சொன்னதும், என் சித்தப்பா, மாமா, சிநேகிதி மூன்று பேருக்கும் ஒரே வாசகத்தில் சாட்சிக் கடிதம் அடித்து வைத்ததும் வேண்டாத வேலை. இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் சில படங்கள், அவர் வந்து போன விமான டிக்கெட், பணம் அனுப்பின கணக்கு, பல மாதத்து அழைப்பு விவரம், இதெல்லாம் தன்னால் பேசும். மூன்று கடிதத்தில் ஒரே எழுத்துப் பிழை இருந்தால் படிக்கிற அதிகாரிக்கு என்ன தோன்றும்?

மெடிக்கலுக்குத் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மட்டும்தான் போக முடியும், நான் சென்னையில் பார்த்தேன், எக்ஸ்ரே, ரத்தம், சின்ன வயது தடுப்பூசி அட்டை இல்லாததால் எம்எம்ஆர் உட்பட மறுபடியும் ஊசி. மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் நேர்காணல் சுருக்கமாக முடிந்தது, எப்படிச் சந்தித்தீர்கள், மாமனார் என்ன வேலை, நோட்டீஸ் காலத்தில் வீட்டுக்காரர் எங்கே தங்கினார், அவ்வளவுதான். "உள்ளே ஆள் இருக்கு" என்று கடையில் சொன்ன ஆளை அங்கே யாரும் கேட்கவில்லை, என் பொள்ளாச்சி சான்றிதழைத்தான் கேட்டார்கள். 235 டாலர் இமிக்ரண்ட் ஃபீஸ் ஆன்லைனில் கட்டினால்தான் அட்டை அச்சாகி வரும். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் இறங்குவதால் எனக்கு வருவது இரண்டு வருஷ நிபந்தனை அட்டை, அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கச் சொல்லி ஐ-751 விண்ணப்பம் போட வேண்டும். இதற்கும் "ஃபாலோ அப் பேக்கேஜ்" இருக்கிறதாம், வேண்டாம் என்றுவிட்டேன்.

போகிறவர்கள் சான்றிதழ் வேலைக்கு மட்டும் விலை பேசுங்கள், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக பில்லில் எழுதி வாங்குங்கள், ஒரிஜினல் எதையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், நகல் எடுத்த கையோடு திருப்பி வாங்குங்கள். கவுண்டரில் நிற்காமல் நேராக மொழிபெயர்ப்பு அம்மாவிடம் போங்கள், தமிழிலேயே பேசலாம். சாப்பாட்டு நேரம் கழிந்து 2 மணிக்கு மேல்தான் சீட்டில் இருப்பார், சனிக்கிழமை வரமாட்டார்.